சும்மா இருக்கும் உரிமை

பென்ஷனுக்குத் தமிழில் ‘ஓய்வூதியம்’ என்று பெயர் வைத்திருக்கிறோம். ஓய்வும் ஊதியமும் சேர்ந்த சொல். ஓய்ந்திருப்பதற்காகத் தரப்படும் கூலி என்று அதற்குப் பொருள் கொள்ளலாம். பணியிலிருந்து விலகுவதை ‘ஓய்வு பெறுதல்’ என்கிறோம். பெறுதல் என்று சொல்லிவிட்டால் கொடுப்பவர் ஒருவரும் இருந்தாக வேண்டும். அலுவலகம் கொடுக்கும், அரசு கொடுக்கும். ஒரு வீடு அதன் பெண்ணுக்கு ஓய்வு கொடுத்தது என்று நான் இதுவரை கேள்விப்பட்டதில்லை. அந்த ஓய்வை யாரிடம் போய் விண்ணப்பிப்பது என்றுகூட நமக்குத் தெரியாது.

இந்தக் கட்டுரையில் நான் கேட்க நினைக்கும் கேள்வி இதுதான்: ஓய்ச்சல் ஒழிச்சல் இல்லாமல் ஒரு பெண் தன் கடமையைச் செய்வதை நாம் அறம் என்று புகழ்கிறோமே, அந்தப் புகழ்ச்சி அறமானதுதானா? கேள்வி பழையது. எனக்கு அது புதிதாகத் தைத்தது 2022 ஜூன் மாதம், இங்கிலாந்தில், ஒரு அரசி அரியணை ஏறி எழுபது ஆண்டுகள் ஆனதை நாடே கொண்டாடிக்கொண்டிருந்த நான்கு நாட்களில்.

பிரிட்டிஷ் நூலகத்தில் சில பழைய தமிழ் அச்சுப் பிரதிகளைப் பார்ப்பதற்காக அந்தக் கோடையில் லண்டன் சென்றிருந்தேன். ஈஸ்ட்ஹாமில் என் சித்தி வீட்டில் தங்கினேன். சித்தி 1954 நவம்பரில் பிறந்தவர். 1978இல் கல்யாணமாகி அங்கே போனார். முதல் பதினொரு ஆண்டுகள் வீட்டிலேயே தையல் மெஷின் வைத்து உருப்படிக்கு இவ்வளவு என்று துணி தைத்துக் கொடுத்தார். பிறகு அலுவலகங்களில் துப்புரவு வேலை. அதன்பின் முதியோர் இல்லம் ஒன்றில் பராமரிப்புப் பணி. 66 வயது முடிந்ததும் 2020இல் ஓய்வு பெற்றார். நான் போனபோது அவர் ‘ரிடையர்’ ஆகி ஒன்றரை வருடமாகியிருந்தது.

எலிசபெத் அரசி பதவிக்கு வந்தது 1952 பிப்ரவரி 6. எழுபதாம் ஆண்டு விழாவுக்காக மே மாதக் கடைசி விடுமுறையை ஜூன் 2 வியாழனுக்கு நகர்த்தி, வெள்ளிக்கிழமையை உபரி விடுமுறையாகச் சேர்த்து, சனி ஞாயிறோடு நான்கு நாட்கள் ஆக்கியிருந்தார்கள். ஓய்வு பெற்றவர்களுக்கு இலவசப் பயண அட்டை உண்டு. வேலை நாட்களில் காலை ஒன்பது மணிக்குப் பிறகுதான் செல்லும், பொது விடுமுறையில் எந்நேரமும் செல்லும். ‘வியாழக்கிழமை சீக்கிரமே கிளம்பி அணிவகுப்பைப் பார்க்கப் போகலாமா சித்தி?’ என்று கேட்டேன். ‘நீ போயிட்டு வா கண்ணு. எனக்கு லீவு நாள்னா வேலை ஜாஸ்தி’ என்றார்.

அது எப்படி என்று பார்க்கத்தான் நான் வீட்டில் இருந்தேன். சித்தப்பாவுக்கு 2019இல் பக்கவாதம் வந்து இடப்பக்கம் செயலிழந்துவிட்டது. காலையில் அரைமணி நேரம் ஒரு பராமரிப்புப் பெண் வந்து அவரைக் குளிக்க வைக்க உதவுவார். விடுமுறை என்பதால் வியாழன் அவர் வரவில்லை. அவருக்கும் பிள்ளைகள் உண்டு, அவருக்கும் விடுமுறை வேண்டும். மாற்றாக அனுப்பப்பட்டவர் வந்து சேர்ந்தபோது மணி பதினொன்று. அதற்குள் சித்தி அவரைக் குளிப்பாட்டி, உடை மாற்றி, மாத்திரை கொடுத்து, நாற்காலியில் உட்கார வைத்திருந்தார். அந்த வாரம் முழுக்கப் பள்ளிகளுக்கும் விடுமுறை. மருத்துவமனையில் வேலை பார்க்கும் மகள் தன் இரண்டு பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்டுப் போயிருந்தாள். பள்ளியில் செய்த காகிதக் கிரீடங்களோடு இரண்டு குட்டி ராஜாக்கள் வீட்டில். மருத்துவர் அறை நான்கு நாள் திறக்காது என்பதால் மாத்திரைகளை முன்கூட்டியே வாங்கி எண்ணி வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை தெரு முழுக்க மேசை போட்டுக் கூட்டு மதிய உணவு. ‘உங்க வடை ரொம்ப நல்லா இருக்கும்’ என்று பக்கத்து வீட்டு அம்மா சொல்லிவிட்டார். நூறு வடை. சனிக்கிழமை இரவு உளுந்து ஊறிக்கொண்டிருந்தது.

வடை சுடும்போது சித்தி சொன்னார்: ‘ஹோம்ல வேலை பாத்தப்போ இந்த மாதிரி நாளைக்கு ஒன்றரை மடங்கு சம்பளம் குடுப்பாங்க. கிழவங்களைக் குளிப்பாட்டுறது, சோறு ஊட்டுறது, இதே வேலைதான். இப்ப ரிடையர் ஆயிட்டேன், அதனால ஃப்ரீ.’ சொல்லிவிட்டுச் சிரித்தார்.

அவர் வேடிக்கையாகச் சொன்னதற்குச் சட்டமே சாட்சி. வாரத்துக்கு 35 மணி நேரமாவது ஒருவரைப் பராமரிப்பவர்களுக்கு அந்நாட்டில் பராமரிப்பாளர் உதவித்தொகை உண்டு. 2022இல் அது வாரத்துக்கு 69 பவுண்டு 70 பென்ஸ். ஆனால் இரண்டு உதவிகளை ஒருசேரப் பெறக் கூடாது என்ற விதியால், அதைவிட அதிகமாக அரசு ஓய்வூதியம் வாங்குபவர்களுக்கு இந்தத் தொகை கிடைக்காது. ஓய்வுக்காகக் கூலி தருகிறோம், ஆகவே நீ செய்யும் வேலைக்குத் தனியாகக் கூலி இல்லை என்று ஆகிறது. சித்தி ஓய்வாக இருக்கிறார் என்பது காகிதத்தில் உள்ள செய்தி. காகிதத்தில் அப்படி இருப்பதாலேயே அவருடைய வேலை வேலையாக எண்ணப்படுவதில்லை.

ஓய்வூதியக் கணக்கையும் பார்த்துவிடலாம். சித்தி போன்ற பெண்களுக்கு முழு ஓய்வூதியம் கிடைக்க 35 ஆண்டுகள் காப்பீட்டுக் கணக்கில் ஏறியிருக்க வேண்டும். அந்த ஆண்டு முழுத்தொகை வாரத்துக்கு 185 பவுண்டு 15 பென்ஸ். சித்தி அந்த நாட்டில் 42 ஆண்டுகள் உழைத்திருந்தார்; கணக்கில் ஏறியவை 22. வீட்டில் தைத்த துணிகள் எந்தக் கணக்கிலும் இல்லை. துப்புரவு வேலையில் வாரக் கூலி குறிப்பிட்ட வரம்புக்குக் கீழே இருந்ததால் பல ஆண்டுகள் விட்டுப்போயின. பிள்ளை வளர்த்த காலத்துக்குச் சலுகை தரும் ஏற்பாடு 1978லேயே வந்துவிட்டது. ஆனால் குழந்தைகளுக்கான உதவித்தொகை யார் பெயரில் வருகிறதோ அவருக்குத்தான் அந்தச் சலுகை. படிவத்தில் கையெழுத்துப் போட்டவர் சித்தப்பா. பிள்ளைகளை வளர்த்தவர் சித்தி. அந்த ஏப்ரலில் ஓய்வூதியத்தை 3.1 சதவீதம் உயர்த்தினார்கள். அதே மாதம் விலைவாசி ஏற்றம் 9 சதவீதம்.

இது ஒரு பெண்ணின் தனிக்கதை என்று ஒதுக்க முடியாது. 1940இல்தான் இங்கிலாந்தில் பெண்களின் ஓய்வூதிய வயது 65இலிருந்து 60 ஆகக் குறைந்தது. அதற்குப் பின்னால் பெண்களின் போராட்டமும் இருந்தது. பிராட்ஃபோர்டில் இனிப்பு, கேக் கடை நடத்திய ஃப்ளாரன்ஸ் வைட் என்ற பெண் 1935இல் மணமாகாத பெண்களைத் திரட்டிச் சங்கம் அமைத்து, 55 வயதில் ஓய்வூதியம் கேட்டார். பெற்றோரைப் பராமரிக்க வேலையை விட்டவர்களும், நடுவயதில் வேலை இழந்தவர்களும் அந்தக் கோரிக்கையில் இருந்தார்கள். அவர்கள் கேட்ட 55 கிடைக்கவில்லை, 60 கிடைத்தது. பின்னர் 1995ஆம் ஆண்டுச் சட்டம் ஆண்களுக்கும் பெண்களுக்கும் வயதைச் சமமாக்க முடிவுசெய்தது. 2011இல் அதை வேகப்படுத்தினார்கள். 2018இல் 65, 2020இல் 66. 1950களில் பிறந்த பெண்கள் பலர், அறுபதை நம்பியிருந்த தங்களுக்குச் சரியாகத் தகவல் சொல்லவில்லை என்று வழக்கு நடத்தினார்கள். 2020இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அவர்கள் பக்கம் நிற்கவில்லை; வயதைச் சமமாக்குவது பாகுபாடு ஆகாது என்றது. 2024 மார்ச்சில் நாடாளுமன்றக் குறைதீர்ப்பாளர் 1,000 முதல் 2,950 பவுண்டு வரை இழப்பீடு தரலாம் என்றார். அந்த ஆண்டு டிசம்பரில் அரசு மறுத்துவிட்டது.

பெண்ணியவாதியாக இந்த இடத்தில் எனக்கு ஒரு சங்கடம் உண்டு. சமத்துவம் வேண்டும் என்று கேட்பவர்கள் நாம். சமமான ஓய்வு வயதை எப்படி எதிர்ப்பது? எதிர்க்க வேண்டியதில்லை என்றே நினைக்கிறேன். ஆனால் சமத்துவம் என்பது வாழ்க்கையின் கடைசிப் படியில் மட்டும் வந்து நின்றால் அது என்ன சமத்துவம்? இருபது வயதில் சமக் கூலி இல்லை, முப்பதில் சமமான பிள்ளை வளர்ப்பு இல்லை, நாற்பதில் பெற்றோரைப் பார்ப்பதில் சமப் பங்கு இல்லை. அறுபதாவது பிறந்தநாளில் மட்டும் சட்டம் வந்து ‘நீங்கள் இருவரும் சமம், இன்னும் ஆறு வருடம் உழைக்கலாம்’ என்கிறது. வரிசையில் மற்ற எல்லாவற்றையும் கடைசியில் நிறுத்திவிட்டு இதை மட்டும் முதலில் நிறைவேற்றியதுதான் அநீதி.

அரசிக்கு வருகிறேன். 1947இல், தன் இருபத்தொன்றாம் பிறந்தநாளன்று, கேப்டவுனிலிருந்து வானொலியில் பேசிய இளவரசி எலிசபெத், தன் ஆயுள் நீண்டதானாலும் குறுகியதானாலும் அதை முழுதும் சேவைக்கே தருவதாக வாக்களித்தார். வாக்கைக் காப்பாற்றவும் செய்தார். 2022 செப்டம்பர் 6 அன்று புதிய பிரதமரை நியமித்தார். 8ஆம் தேதி காலமானார். 96 வயதில், சாவதற்கு இரண்டு நாள் முன்புவரை பணி. அந்த ஜூன் மாதத்தில் தொலைக்காட்சியைப் போட்டாலே ‘கடமை’ என்ற சொல்தான். எழுபது ஆண்டுகள் ஓயாமல் உழைத்தவர், தன்னை முன்னிறுத்தாதவர், குறை சொல்லாதவர் என்று அவரைப் புகழ்ந்தார்கள். கேட்கக் கேட்க இந்தச் சொற்களை எங்கோ கேட்டிருக்கிறோமே என்று தோன்றியது. நம் வீடுகளில் அம்மாவின் பதினாறாம் நாள் காரியத்தில் பேசுகிற சொற்கள் அவை. ‘ஒரு நாள் உக்காந்து பாத்ததில்ல. ஒரு வார்த்தை குறை சொன்னதில்ல.’

சித்திக்கு அரசியைப் பிடிக்கும். அதை நான் ஏளனமாகப் பார்க்கவில்லை. சித்தப்பாவுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டே மாடத்தில் அரசி நின்று கையசைப்பதைப் பார்த்தார். ‘பாவம், இந்த வயசுல இத்தனை நேரம் நிக்கணும். யாரும் உக்காருன்னு சொல்ல மாட்டேங்கிறாங்க பாரு’ என்றார். காலனியத்தையும் கோகினூரையும் பற்றிப் பேசத் தெரிந்த எனக்கு அந்த வாக்கியத்தைச் சொல்லத் தோன்றியிருக்காது. அரசியை ஒரு வயதான வேலைக்காரப் பெண்ணாக அவரால் பார்க்க முடிந்தது. அந்தப் பார்வையில் உண்மை இருக்கிறது. இருபத்தொரு வயதில் கொடுத்த வாக்கு தொண்ணூற்றாறு வயதுப் பெண்ணைக் கட்டுமா? இருபத்தொரு வயதுக்காரிக்குத் தொண்ணூறு வயது முழங்காலைப் பற்றி என்ன தெரியும்? மற்ற நாடுகளில் அரசிகள் இறங்கியிருக்கிறார்கள். நெதர்லாந்தின் பியாட்ரிக்ஸ் 2013இல் தன் 75ஆம் வயதில் மகனிடம் பொறுப்பைக் கொடுத்தார். டென்மார்க்கின் மார்கரெத்தே, முதுகில் நடந்த அறுவைச் சிகிச்சை தன்னை யோசிக்க வைத்தது என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டு, 2024 ஜனவரியில் விலகினார். கடமையை இறக்கி வைப்பதால் யாரும் அவர்களை அறமற்றவர்கள் என்று சொல்லவில்லை.

ஆனாலும் அரசிக்கும் சித்திக்கும் உள்ள வேறுபாடு அந்த வெள்ளிக்கிழமை எனக்குத் தெளிவானது. வியாழன் நிகழ்ச்சிகளில் அரசிக்கு உடல் அசௌகரியம் ஏற்பட்டது. மறுநாள் செயின்ட் பால் பேராலயத்தில் நடந்த நன்றி வழிபாட்டுக்கு அவர் வரவில்லை. அறிவிப்பு வந்தது, அவருக்குப் பதிலாக மகன் சார்லஸ் கலந்துகொண்டார், வழிபாடு குறையின்றி நடந்தது. சனிக்கிழமை குதிரைப் பந்தயத்துக்கும் அவர் போகவில்லை. ஞாயிறு திரும்ப வந்து மாடத்தில் நின்றார். அதே வெள்ளிக்கிழமை காலை சித்திக்கு முழங்கால் வீங்கியிருந்தது. அறிவிப்பு ஏதும் இல்லை. அறிவித்தாலும் கேட்டுக்கொண்டு வந்து நிற்க ஆள் இல்லை. நான் இருந்தேன், உதவினேன். நான் விருந்தாளி, அடுத்த வாரம் ஊருக்குக் கிளம்புகிறவள்.

ஓய்வு என்பது உடம்பின் நிலை என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். உட்கார்ந்திருந்தால் ஓய்வு, படுத்தால் ஓய்வு. எனக்கு அது ஓர் உறவின் பெயராகப் படுகிறது. நான் எழுந்திருக்காவிட்டால் என் இடத்தில் வந்து நிற்க ஒருவர் இருக்கிறார் என்ற உறுதிதான் ஓய்வு. அந்த உறுதி இல்லாதவள் பகலில் இரண்டு மணி நேரம் படுத்திருந்தாலும் ஓய்ந்திருக்கவில்லை, காத்திருக்கிறாள். முடியாட்சி என்ற ஏற்பாடே மாற்று ஆளைத் தயாராக வைத்திருக்கும் ஏற்பாடு. அதற்கு வாரிசு என்று பெயர். சமையலறைக்கும் வாரிசு உண்டு. அம்மாவுக்கு முடியாதபோது மகள், மகள் இல்லாவிட்டால் மருமகள். ஒரு பெண்ணின் ஓய்வை இன்னொரு பெண்ணின் ஓய்விலிருந்து பிடுங்கித்தான் கொடுக்க வேண்டியிருக்கிறது. வியாழக்கிழமை வராத பராமரிப்புப் பெண்ணின் விடுமுறை சித்தியின் முதுகிலிருந்து வந்தது. மகள் மருத்துவமனையில் நின்ற எட்டு மணி நேரமும் அப்படியே. அதனால்தான் இந்தக் கணக்கில் பெண்கள் ஒருவர்மேல் ஒருவர் மனத்தாங்கல் கொள்கிறோம். சார்லஸ் போல எழுந்து நிற்க வேண்டிய ஆண் வாரிசுகள் கணக்குக்கு வெளியே இருக்கிறார்கள். சித்திக்கு ஒரு மகனும் உண்டு. ஞாயிறு மதியம் அவன் வந்து வடை சாப்பிட்டான். நல்ல பையன். ‘அம்மா கை வடை மாதிரி வராது’ என்றான்.

‘ஜூபிலி’ என்ற சொல்லின் வேரை இந்த இடத்தில் நினைத்துக்கொள்ளலாம். எபிரேய மொழியில் அது ஆட்டுக்கடாக் கொம்பைக் குறிக்கும் சொல்லோடு தொடர்புடையது. விவிலியத்தின் லேவியர் நூலில் ஐம்பதாம் ஆண்டைப் பற்றிய விதி இருக்கிறது. அந்த ஆண்டு விதைக்கக் கூடாது, அறுக்கக் கூடாது. நிலம் தரிசாகக் கிடக்க வேண்டும். கடனுக்காகத் தன்னை விற்றவர்கள் விடுதலையாகி வீடு திரும்ப வேண்டும். விற்ற நிலம் உரியவருக்கே திரும்ப வேண்டும். ஆக, ஜூபிலி என்பது முதலில் வேலை நிற்பதன் பெயர். மண்ணுக்கே ஓய்வு தர யோசித்த ஒரு சட்டத்தின் பெயரை, ஒரு பெண் எழுபது ஆண்டுகள் நிறுத்தாமல் உழைத்ததற்கு வைத்து, அதற்கான விருந்தை இன்னும் பல பெண்களை உழைக்க வைத்துச் சமைத்திருக்கிறோம். 1953 முடிசூட்டு விருந்துக்காக ரோஸ்மேரி ஹ்யூமும் கான்ஸ்டன்ஸ் ஸ்ப்ரையும் உருவாக்கிய, கறித்தூள் சேர்த்த குளிர்ந்த கோழிக்கறி இன்றும் இம்மாதிரி விழா மேசைகளில் இருக்கும். அரசர்களின் வரலாற்றில் சமையல் குறிப்புகளாக மட்டுமே பெண்கள் நிறைய இடம்பிடித்திருக்கிறார்கள்.

ஒரு மறுப்பை எதிர்பார்க்கிறேன். அன்பால் செய்வதை வேலை என்று கணக்குப் பார்க்கலாமா? சித்திதான் சித்தப்பாவை விரும்பிப் பார்த்துக்கொள்கிறாரே? உண்மைதான். வேறு யாரும் கஞ்சி ஊட்டுவதை அவர் விரும்பமாட்டார். ஆனால் முதியோர் இல்லத்தில் சம்பளத்துக்கு வேலை பார்த்தபோதும் அவர் அன்போடுதான் பார்த்தார். அங்கே இறந்த ஒரு பாட்டியை நினைத்து இன்றும் கண் கலங்குகிறார். சம்பளம் அன்பைக் கெடுக்கவில்லை, விடுமுறையும் கெடுக்கவில்லை. அன்பைச் சோதிக்க ஒரு வழிதான் இருக்கிறது. விட்டுவிட முடியும் என்ற நிலையிலும் ஒருவர் அதைச் செய்கிறாரா என்று பார்ப்பது. விட முடியாத இடத்தில் நிற்பவரின் அன்பு எவ்வளவு, கட்டாயம் எவ்வளவு என்று அவருக்கே தெரியாமல் போகும். மாற்று ஆள் இருந்தால் சித்தியின் அன்பு குறைந்துவிடாது. அது அன்புதான் என்று அவருக்கே தெரியவரும்.

கடமை எப்போது அறமாகிறது என்பதற்கும் என்னிடம் இதே பதில்தான். இறக்கி வைக்க முடிந்த சுமையைத் தூக்கிக்கொண்டிருப்பவரைப் புகழலாம். இறக்கி வைக்க இடமே தராமல் தூக்க வைத்துவிட்டுப் புகழ்வது, கொடுக்காத கூலிக்குப் பதிலாகச் சொல்லைக் கொடுப்பது. 1975 அக்டோபர் 24 அன்று ஐஸ்லாந்தில் ஏறக்குறைய 90 சதவீதப் பெண்கள் அலுவலக வேலை, வீட்டு வேலை இரண்டையும் ஒருநாள் நிறுத்தினார்கள். அப்பாக்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு அலுவலகம் போக வேண்டியதாயிற்று. மாற்று ஆட்கள் முன்பும் அந்த வீடுகளிலேயேதான் இருந்தார்கள். அன்றைக்குத்தான் கண்ணில் பட்டார்கள்.

நம் மொழியில் ‘சும்மா’ என்றொரு சொல் இருக்கிறது. தாயுமானவர் போன்றவர்கள் சும்மா இருத்தலை அடைதற்கரிய நிலையாகப் பாடினார்கள். மனமும் செயலும் அடங்கிய பேரமைதி அது. அதே சொல்லைத்தான் வேலைக்குப் போகாத பெண்ணைக் குறிக்கவும் வைத்திருக்கிறோம். ‘என்ன பண்றாங்க?’ ‘வீட்ல சும்மாதான் இருக்காங்க.’ ஞானிகளுக்கும் வாய்க்காத சும்மாவை, விடிகாலை ஐந்து மணிக்கு எழுகிறவள்மேல் எவ்வளவு எளிதாக ஏற்றிவிட்டோம்! உண்மையில் சும்மா இருக்க வழியே இல்லாதவளை ‘சும்மா இருக்கிறாள்’ என்று சொல்வதன் மூலம், அவளுக்கு ஓய்வு தேவை என்ற கேள்வியே எழாமல் பார்த்துக்கொள்கிறோம். ஏற்கெனவே சும்மா இருப்பவளுக்கு ஓய்வு எதற்கு?

ஆகவே இதைப் படிக்கும் மாணவிகளிடம் நான் கேட்டுக்கொள்வது சிறிய காரியம்தான். உங்கள் வீட்டில் ஓய்வு பெறும் வயதைக் கடந்த பெண் யார் என்று பாருங்கள். அவரைப் பற்றிப் பெருமையாக எழுதுவதற்கு முன், அன்னையர் தினத்துக்குப் படம் போடுவதற்கு முன், ஒரு கேள்வி கேளுங்கள்: நாளை காலை அவர் எழுந்திருக்கவில்லை என்றால் எந்த வேலை யாருடையது? பதிலாக உங்கள் பெயர் மட்டும் வந்தால் அதை ஏற்றுக்கொள்ளாதீர்கள். அண்ணன் பெயரும் அப்பா பெயரும் தம்பி பெயரும் அந்தப் பட்டியலில் ஏறும்வரை கேட்டுக்கொண்டே இருங்கள். வீட்டுக்குள் முடியாத பங்கை அரசிடம் கேளுங்கள். ஓய்வூதியத்தில் ஊதியம் எவ்வளவு என்று கேட்க நமக்குத் தெரியும். அதில் ஓய்வு எவ்வளவு என்று கேட்பதை இன்னும் நாம் தொடங்கவில்லை.